ஊசியக்காவின் மூன்று பின்கள்

காகிதம் காந்தத்தில் ஒட்டாது. பதினெட்டு வருடமாகக் காந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு சம்பாதிப்பவளுக்கு அது தெரியாதா? சனிக்கிழமை மாலை நாலரை மணி. வீட்டுப் பின்வாசல் படியில் டீ பேக் பிரிக்கிற வேலையை முடித்துவிட்டு, வழக்கம்போலத் தரையின்மேல் காந்தத்தை ஒரு ஓட்டு ஓட்டினாள். கீழே கிடந்த மஞ்சள் சீட்டு ஒன்று, டீ பேக் நூலின் நுனியில் தொங்குவது, துள்ளி வந்து அதில் ஒட்டிக்கொண்டது. அவளுக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. பிய்த்து எடுத்தாள். மறுபடி கிட்டே கொண்டுபோனாள். டிக் என்று மறுபடி ஒட்டியது.

பக்கத்தில் தம்பி மகள் குட்டி உட்கார்ந்திருந்தாள். வயது ஒன்றே கால். இன்னொரு மஞ்சள் சீட்டு அவள் வாயில் இருந்தது.

அத்தையை ஆலையில் எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கைக்குழந்தைகளுக்குச் சட்டை தைக்கும் ஆலை. நானூறு தையல் மிஷின். எந்த மிஷினில் ஊசி உடைந்தாலும் தைக்கிறவர் மிஷினை நிறுத்திக் கையைத் தூக்க வேண்டும். ஊசியக்கா காந்தமும் தட்டுமாகப் போவாள். உடைந்த துண்டுகளை எல்லாம் பொறுக்கி, பதிவேட்டில் முழு ஊசியாகச் சேர்த்து வைத்து, மேலே டேப் ஒட்டுவாள். ஊசி முழுசானால்தான் புது ஊசி கொடுப்பாள். ஒரு நுனி குறைந்தாலும் அந்த மிஷினைச் சுற்றியிருக்கும் அத்தனை சட்டையையும் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவாள். "ஒரு துளி துண்டுக்கு இந்தப் பாடா?" என்று சூப்பர்வைசர்கள் பல்லைக் கடிப்பார்கள். "போட்டுக்கப் போறது கைக்குழந்தை. அதுக்குச் சொல்லத் தெரியாது" என்பாள். அதற்குமேல் பேச மாட்டாள்.

இந்த வேலையை அவளுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. முதல் வருடம் ஒரு சட்டைக் கழுத்தில் அரை ஊசி தங்கிப்போய் கடைசி நேரத்தில் மாட்டியது. அன்றிலிருந்து தானே பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டாள்.

டீ பேக் அவள் கைக்கு வந்ததும் இந்த வேலையால்தான். வெளியூரிலிருந்து சரக்கைப் பார்வையிட வந்த ஒருவர், நடைபாதையில் குட்டி ஸ்டேப்ளர் பின் ஒன்றைக் கண்டெடுத்து விட்டார். ஆலைக்குள் ஸ்டேப்ளருக்கே இடமில்லை. பின் எங்கிருந்து வந்தது என்று எல்லோரும் முழித்தபோது, ஊசியக்காதான் விருந்தினர் அறைக் குப்பைக்கூடையைக் கொட்டிப் பார்த்தாள். டீ பேக்கில் நூலைச் சேர்த்துக் கடித்திருப்பது அதே பின். அன்று முதல் அந்த அறையில் குடித்துப்போட்ட டீ பேக்குகளை வேலை முடியும் நேரத்தில் எண்ணி வாங்குவதும் அவள் பொறுப்பு. ஒரு டீ பேக்குக்கு ஒரு பின். அந்தக் கணக்குக்குத் தனி நோட்டு. எண்ணி வாங்கிய ஈரப் பொட்டலங்களைக் குப்பையில் போட மனசு வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

வீட்டில் பின்வாசலுக்கும் மதிலுக்கும் நடுவே ஆறடி அகலத்துக்கு இடம் உண்டு. அதில் பதினொரு தொட்டி. தக்காளி, மிளகாய், இரண்டு ரோஜா. மூலையில் அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்ட பழைய பெயிண்ட் வாளி. அதுதான் உர வாளி. ஆரம்பத்தில் டீ பேக்கை அப்படியே முழுசாகப் போட்டாள். ஆறு மாதம் கழித்து வாளியைக் கவிழ்த்தபோது எல்லாம் மண்ணாகியிருந்தது, பைகள் மட்டும் மீன் செதில் மாதிரி மின்னிக்கொண்டு அப்படியே கிடந்தன. பார்க்கக் காகிதம், உள்ளே பிளாஸ்டிக் இழை. பிறகு முறையை மாற்றினாள். பையைக் கத்தரிப்பது, தேயிலையை மட்டும் எடுப்பது, சர்க்கரை போட்டுக் குடித்ததென்றால் எறும்பு வராமலிருக்க ஒருமுறை அலசுவது, செய்தித்தாளில் ஒரு நாள் உலர்த்துவது. ஒரு கை தேயிலைக்கு இரண்டு கை காய்ந்த சருகு. அளவு மீறினால் வாளி புளித்து நாறும். பையை இழுத்துப் பார்ப்பாள். பஞ்சு பஞ்சாகக் கிழிந்தால் காகிதம், வாளிக்கு. ரப்பர் மாதிரி நீண்டால் குப்பைக்கு.

"ஆபீசருங்க உறிஞ்சிப்போட்ட எச்சி டீயை என் தக்காளிக்கு ஊட்டுறீங்களே அண்ணி" என்று தம்பி பெண்டாட்டி சிரிப்பாள். அவள் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் இருப்பவள். வாய் கொஞ்சம் நீளம்தான். "இந்த ரசத்தைக் குடிச்சா எனக்கும் மேனேஜர் புத்தி வந்துடும்போல." ஆனால் தக்காளியைப் பறித்துக்கொண்டு போவதும் அவளேதான். தம்பி லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் பாதி நாள் ரோட்டில். வீடு பெரும்பாலும் இரண்டு பெண்களும் ஒரு குழந்தையும்தான்.

மாலையில் அத்தை டீ பேக் பிரிக்கும்போது குட்டி பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். பின்னைக் கழற்றி மூடிபோட்ட டப்பாவில் போட்ட பிறகே மற்ற எதையும் தொட விடுவாள் அத்தை. நூலை வெட்டிய பிறகு நுனியில் இருக்கும் சீட்டுகளைக் குட்டிக்குக் கொடுத்துவிடுவாள். சிவப்பு, பச்சை, மஞ்சள். பழைய பிஸ்கட் டின்னில் அவற்றைப் போட்டுக் கொட்டுவதும், கொட்டிப் போடுவதும்தான் குட்டியின் விளையாட்டு. சீட்டுகளில் பின் கிடையாது. நூல் பசையால் ஒட்டியிருக்கும். இரண்டு வருடமாக வந்த டீ எல்லாம் அப்படித்தான்.

இந்தத் திங்கட்கிழமை விருந்தினர் அறைக்கு வேறு டீ வாங்கியிருந்தார்கள். மஞ்சள் சீட்டு. அது ஒன்றுதான் மாற்றம் என்று அவள் நினைத்திருந்தாள்.

குட்டியின் வாயில் விரலை விட்டுச் சீட்டை எடுத்தாள். குட்டி வீறிட்டாள். காந்தத்தில் ஒட்டியிருந்த சீட்டை நகத்தால் பிரித்தாள். இரட்டையாக மடித்து ஒட்டிய அட்டை. மடிப்புக்குள் நூல் நுனி. நூல் நுனியைக் கடித்துக்கொண்டு ஒரு பின். வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. வாயிலிருந்து எடுத்த சீட்டு ஊறி, மடிப்பு பிரிந்து, இரண்டாக விரிந்திருந்தது. அதில் பின் இல்லை. பின் இருந்த இடத்தில் இரண்டு குட்டி ஓட்டை மட்டும்.

மூடி டப்பாவை எடுத்தாள். இன்று ஐந்து டீ பேக். டப்பாவில் ஐந்து பின். நோட்டை எடுத்தாள். ஆறு, ஐந்து, ஏழு, ஆறு, எட்டு, ஐந்து. ஒவ்வொரு நாளுக்கும் எதிரே டீ பேக் எத்தனையோ பின் அத்தனை. எல்லாம் சரி. கணக்கில் ஒரு பின்கூடக் குறையவில்லை. அதுதான் அவளைக் கலங்கடித்தது.

இந்த வாரம் முப்பத்தேழு டீ பேக். அப்படியென்றால் முப்பத்தேழு மஞ்சள் சீட்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் நோட்டில் ஏறாத ஒரு பின்.

டின்னைக் கவிழ்த்தாள். கையிலிருந்த இரண்டோடு சேர்த்து முப்பத்திரண்டு. கட்டிலுக்கு அடியில் மூன்று. செருப்புக்குள் ஒன்று. முப்பத்தேழாவது கிடைக்கவில்லை. இடுப்பில் குழந்தையை இடுக்கிக்கொண்டு, முட்டி போட்டு, அலமாரிச் சந்து, கதவுக்குப் பின்னால், சமையல் மேடைக்குக் கீழ் என்று தேடினாள். உர வாளிக்கும் சுவருக்கும் நடுவே கடைசியில் கிடைத்தது. எல்லாவற்றையும் வரிசையாக வைத்து ஒவ்வொன்றின்மேலும் காந்தத்தைக் காட்டினாள். டிக். டிக். டிக். முப்பத்துநாலு துள்ளி ஒட்டின. மூன்று அசையவில்லை. மூன்றும் கடித்து ஊறியவை.

மூன்று பின்.

பாயை உதறினாள். கோரையின் இடுக்கிலிருந்து காந்தம் ஒன்றை இழுத்தது. பாக்கி இரண்டு. தரை முழுக்க, ஒரு சாண் விடாமல், ஆலையில் தேடுகிற மாதிரி கோடு கோடாக ஓட்டினாள். ஒரு பழைய கொண்டை ஊசி வந்தது. வேறொன்றும் வரவில்லை.

குட்டி அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தாள். உதட்டோரத்தில் தேயிலைத் தூள்.

அப்போது அவள் ஒரு காரியம் செய்தாள். குட்டியைப் பாயில் படுக்க வைத்து, சட்டையைத் தூக்கி, காந்தத்தை அந்தச் சின்ன வயிற்றில் வைத்தாள். மெதுவாக வட்டமாக நகர்த்தினாள். இருபது எண்ணுகிறவரை. கையில் ஒரு இழுப்பு தெரியுமா, ஒரு டிக் கேட்குமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனித்தாள். குட்டி கூச்சத்தில் கிலுகிலுவென்று சிரித்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

ஐந்தரைக்குக் கதவு திறந்தது.

"என்ன அண்ணி, வீட்டைத் தலைகீழா புரட்டிப் போட்டிருக்கீங்க? என்ன தேடுறீங்க?"

"கம்மல் திருகாணி" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அய்யோ, தங்கமாச்சே. நகருங்க, நானும் பார்க்கிறேன்." கைப்பையைக்கூட வைக்காமல் தம்பி பெண்டாட்டி தரையில் உட்கார்ந்துவிட்டாள். கட்டிலுக்கு அடியில் தலையை விட்டாள். "எந்தக் காது? வலதா, இடதா?" என்று அங்கிருந்து கேட்டாள். தன் பொய்யைத் தேடிக்கொண்டு அவள் தவழ்வதை ஊசியக்காவால் பார்க்க முடியவில்லை.

"எழுந்திரும்மா" என்றாள். "திருகாணி இல்லை."

சொல்லி முடிக்கிறவரை தம்பி பெண்டாட்டி அசையவில்லை. மூன்று காலிச் சீட்டையும் கையில் வாங்கி, ஓட்டைகளை வெளிச்சத்தில் பார்த்தாள். கத்துவாள் என்று ஊசியக்கா எதிர்பார்த்தாள். கத்தவில்லை. குழந்தையைத் தூக்கினாள். "செருப்பைப் போடுங்க" என்றாள்.

ஆட்டோவிலும் காந்தம் வைத்த கதையை மட்டும் ஊசியக்கா சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

எக்ஸ்ரே படத்தை டாக்டரம்மா விளக்குப் பெட்டியில் மாட்டினார். சின்ன விலா எலும்புகள். அவற்றுக்குக் கீழே, வயிற்றின் வலது பக்கத்தில், வெள்ளையாக ஒரு சின்ன வளைந்த கோடு.

"ஒண்ணுதான் இருக்கு" என்றார்.

"நல்லா பாருங்க டாக்டர். ரெண்டு காணோம்" என்றாள் ஊசியக்கா.

"பார்த்துட்டேன்மா. இன்னொண்ணு வெளியில எங்கயாவது கிடக்கும், இல்லைன்னா ஏற்கெனவே போயிருக்கும். இது வயித்தைத் தாண்டி இறங்கியிருக்கு. பெரும்பாலும் தானா வந்துடும். இப்போதைக்கு ஆபரேஷன் பேச்சு வேணாம். வாந்தி எடுத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, வயிறு கல்லு மாதிரி ஆனாலோ, மலம் கறுப்பா போனாலோ உடனே ஓடி வரணும். ஒவ்வொரு தடவையும் மலத்தைப் பாருங்க." எழுதிக்கொண்டே நிமிர்ந்தார். "பேதி மருந்து எதுவும் கொடுக்காதீங்க. சில பேர் வயித்து மேல காந்தத்தை வைக்கிறாங்க. அந்த வேலையும் வேணாம். எங்கயாவது இழுத்துக் குத்திவிட்டா வம்பு."

காந்தத்தைப் பற்றி ஊசியக்கா அப்போதும் சொல்லவில்லை.

அன்றிரவு தம்பி போனில் கூப்பிட்டான். எங்கோ ஒரு சாலையோரத்தில் வண்டியை நிறுத்தியிருந்தான். "இவ அழுதுக்கிட்டே பேசுறா, ஒண்ணும் புரியலை. அக்கா, நீ சொல்லு. நீ சொன்னா கரெக்டா இருக்கும்" என்றான். கரெக்டாக இருக்கும் என்ற சொல் நெஞ்சில் போய்க் குத்தியது.

ஞாயிற்றுக்கிழமை காலை குட்டியின் முதல் மலத் துணி. பார்த்ததுமே தம்பி பெண்டாட்டி சுவரைப் பிடித்துக்கொண்டாள். மலத்தில் கறுப்புக் கறுப்பாக இருந்தது. ஊசியக்கா துணியை வாங்கினாள். தண்ணீர் விட்டு, பழைய வலையில் வடித்து, ஒரு கறுப்புத் துகளை எடுத்து வெள்ளைத் தட்டில் வைத்து நசுக்கினாள். ரத்தமென்றால் கரையும். இது கரையவில்லை. இலை நரம்பு தெரிந்தது.

"தேயிலை" என்றாள்.

தம்பி பெண்டாட்டிக்கு உயிர் போய் உயிர் வந்தது. வந்த வேகத்தில் கோபமும் வந்தது. "என் பொண்ணு வயித்துல உங்க உரக் குழியே ஓடுது. நீங்கதானே அண்ணி எதையும் எண்ணுவீங்க? பூனை தும்முனாக்கூட நோட்டுல எழுதுவீங்களே. இதை எப்படி விட்டீங்க?"

ஊசியக்கா வலையைக் கழுவினாள்.

திங்கட்கிழமை ஆலைக்கு ஒரு பை நிறையத் துணி கொண்டுபோனாள். குட்டி அந்த வாரம் போட்ட சட்டை, கால்சட்டை, கழுத்தில் கட்டும் எச்சில் துணி, விரிப்பு. பேக்கிங் பிரிவில் ஊசி பிடிக்கும் மிஷின் இருக்கிறது. ஓடும் பட்டையில் துணியை வைத்தால் கூண்டுக்குள் போய் மறுபக்கம் வரும். உள்ளே இரும்பு இருந்தால் பட்டை நின்று சிவப்பு விளக்கு எரியும். வெளித் துணியை அதில் வைக்கக் கூடாது. அந்த விதியை எழுதி ஒட்டியவளே அவள்தான்.

"என்ன ஊசியக்கா, வீட்டுத் துணியெல்லாம் எக்ஸ்போர்ட்டா?" என்றான் பேக்கிங்காரன். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. ஒதுங்கி இடம் விட்டான்.

உலோகப் பொத்தான், ஜிப் எல்லாவற்றையும் முன்னாலேயே வெட்டி எடுத்திருந்தாள். ஒவ்வொன்றாக வைத்தாள். சட்டை போயிற்று. விரிப்பு போயிற்று. நாலாவது எச்சில் துணியில் பட்டை நின்றது. சிவப்பு. ஓரத்து மடிப்பின் தையலைப் பிரித்தாள். நூல்களுக்கு நடுவே பின். ஒரு கால் நிமிர்ந்து கூராக இருந்தது. குட்டி எத்தனை நாளாகவோ அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டு தவழ்ந்திருக்கிறாள்.

இப்போது பாக்கி ஒன்றுதான். அந்த ஒன்று எங்கே இருக்கிறது என்றும் தெரியும். ஆனால் ஒரு கால் இப்படி நிமிர்ந்திருந்தால்? அதை நினைக்காமலிருக்க முடியவில்லை.

திங்கள் முழுக்க ஒன்றும் வரவில்லை. செவ்வாய் மதியமும் வரவில்லை. மாலையில் குட்டி சாப்பிட மறுத்தாள். முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு அழுதாள். தம்பி பெண்டாட்டி வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். "கெட்டியா இருக்கா, எப்பவும் போல இருக்கா? எனக்குத் தெரியலை அண்ணி. நீங்க தொட்டுப் பாருங்களேன்" என்றாள்.

ஊசியக்கா கையை நீட்டினாள். தொடாமல் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு, நீ வர்றதுக்கு முன்னாடி, இவ வயித்துல காந்தம் வச்சேன்."

தம்பி பெண்டாட்டி அவளையே பார்த்தாள்.

"டாக்டர் வேணாம்னு சொன்னப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரலை."

தம்பி பெண்டாட்டி போனை எடுத்து ஆஸ்பத்திரி நம்பரை அழுத்தி அவளிடம் நீட்டினாள். "நீங்களே சொல்லுங்க. ஒரு வார்த்தை குறையாம."

சொன்னாள். எவ்வளவு நேரம் என்று டாக்டரம்மா கேட்டார். "இருபது எண்ணுற வரைக்கும். தொப்புளைச் சுத்தி. ஆலைக் காந்தம், உள்ளங்கை அகலம்." "உடனே கூட்டிட்டு வாங்க" என்றார்.

இரண்டாவது படம். ஆட்டோவில் வந்த பத்து நிமிடமும், படம் கழுவி வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்த இருபது நிமிடமும் ஊசியக்கா எதையும் எண்ணவில்லை. எண்ண வரவில்லை. டாக்டரம்மா வயிற்றை நாலு பக்கமும் அழுத்திப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். வெள்ளைக் கோடு கீழே, இடுப்பு எலும்பின் நடுவுக்கு இறங்கியிருந்தது.

"குத்தலை. கடைசி வளைவுக்கு வந்தாச்சு. வயிறு மிருதுவாத்தான் இருக்கு, அது வெறும் காத்து." பிறகு ஊசியக்காவைப் பார்த்தார். "உங்க நேரம் நல்லா இருந்துச்சு. அவ்வளவுதான். உங்க சாமர்த்தியம்னு நினைச்சுக்காதீங்க."

"நினைக்கலை டாக்டர்."

புதன்கிழமை காலை ஏழே கால். தம்பி பெண்டாட்டி தண்ணீர் ஊற்ற, ஊசியக்கா வலையைப் பிடித்துக் காந்தத்தை அடியில் காட்டினாள். டிக்.

இருவரும் அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. கழுவி, வெந்நீரில் போட்டு எடுத்து, வெள்ளைத் தட்டில் வைத்தார்கள். இரண்டு காலும் உள்பக்கமாக மடிந்திருந்தன. ஊசியக்கா நோட்டைத் திறந்து மூன்று பின்னையும் வரிசையாக வைத்து டேப் ஒட்டினாள். பேனாவைத் தம்பி பெண்டாட்டி வாங்கிக்கொண்டாள். தேதி, மணி, "மூணும் கிடைச்சது" என்று அவளே எழுதிக் கையெழுத்தும் போட்டாள். உட்கார்ந்த இடத்திலேயே முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒரு நிமிடம் அழுதாள். எழுந்து குழந்தைக்குப் பால் ஆற்றப் போனாள்.

அவள் திரும்பி வந்தபோது பின்வாசலில் உர வாளி கவிழ்ந்து கிடந்தது. ஈர மண் வாசம். விரித்த செய்தித்தாள்மேல் உரத்தை விரல் கனத்துக்குப் பரப்பிவிட்டு, ஊசியக்கா குந்தி உட்கார்ந்து காந்தத்தைக் கோடு கோடாக ஓட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பதினொரு தொட்டியும் வரிசையாகக் காத்திருந்தன. தக்காளியில் புதிதாக நாலு காய்.

"அண்ணி, முப்பத்தேழு சீட்டு, முப்பத்துநாலும் மூணும். கணக்கு சரியாயிடுச்சே. இன்னும் என்ன?"

"சனிக்கிழமையும் சரியாத்தான்மா இருந்துச்சு."

தம்பி பெண்டாட்டியின் இடுப்பிலிருந்த குட்டி, தரையைப் பார்த்ததும் கையை நீட்டிக்கொண்டு கீழே நழுவப் பார்த்தாள். அவள் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாசற்படிக்கு இந்தப் பக்கமே நின்றாள்.

காந்தம் கடைசிக் கோட்டின் முடிவுக்கு வந்தது. ஒரு டிக்கும் இல்லை. ஊசியக்கா அதன் முகத்தைத் துடைத்துப் பார்த்துவிட்டு, உரத்தைக் கையால் புரட்டிப் போட்டு, முதல் கோட்டிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.